ஸ்பூன் என்ன கலர்?

"அஞ்சு மணிக்குள்ள அந்தக் கம்பெனி மோசடின்னு காட்டிடுங்க டீச்சர். அஞ்சு அடிச்சா என் தங்கச்சி வேலையை விட்டுடுவா."

மோட்டார் ரிப்பேர் கடைக்காரர் இதை நான்காவது தடவையாகச் சொன்னார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. கடை முழுக்கச் செப்புக் கம்பி, வார்னிஷ் வாசனை. வேலை முடிந்த மோட்டார்கள் ஒரு பலகையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கடையின் அடையாளமாக மூன்று சுற்றுச் சிவப்புக் கம்பி. பேசும்போது அவர் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மேஜை மேலிருந்த குழிப் பெட்டியில் ஒரு குழியிலிருந்த வாஷர்களைக் கறுத்துப்போன குட்டி ஸ்பூன் ஒன்றால் அள்ளி அடுத்த குழியில் கொட்டினார். பிறகு அதையே அள்ளிப் பழைய குழியில் போட்டார்.

"அண்ணே, அந்த வாஷரைக் கொஞ்சம் விடுங்க. இன்னிக்கு அது ரொம்ப நடந்துடுச்சு" என்றான் சோடா.

சோடா என்பது மூக்குக் கண்ணாடியின் தடிமனுக்காக வந்த பெயர். வயது நாற்பத்திரண்டு. டீச்சரின் வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்த பெருமை அவனுக்கு உண்டு. டீச்சர் முப்பது வருஷம் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று துப்பறிய வந்தவர். துணைக்கு ஆள் தேடியபோது, தன்னிடம் இரண்டு வருஷம் அடி வாங்கியும் முறைக்காத ஒரே மாணவன் இவன்தான் என்று சேர்த்துக்கொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் டீச்சர். "மோசடியா இல்லையான்னு நான் முடிவு பண்றேன். நீங்க விஷயத்தை மட்டும் சொல்லுங்க."

கடைக்காரர் சொன்னார். தங்கைக்கு ஆஸ்பத்திரி லேப்பில் நிரந்தர வேலை. பதினைந்து வருஷ சர்வீஸ். அப்பா அம்மா போன பிறகு இவர்தான் படிக்க வைத்தார். போன வருஷம் யாரோ அவளை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். ஏதோ சத்துப் பொடி. நீ வாங்கு, உனக்குக் கீழே நாலு பேரைச் சேர், அவர்கள் ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்கட்டும் என்கிற வகை. இப்போது வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இறங்கினால் 'பவளம்' ஆகலாமாம்.

"பவளம்னா?"

"அது கம்பெனியில ஒரு படி டீச்சர். முத்து, பவளம், வைரம்."

"கழுத்துக்குப் போடறது எல்லாம் குடுக்கறாங்க. வயித்துக்குப் போடறதுதான் இல்லை" என்றான் சோடா. "நானும் முத்தா இருந்தவன்தான். காந்தச் செருப்பு வித்தேன். இப்பவும் வீட்டுல ஒரு பெட்டி இருக்கு. போட்டுக்கிட்டு நடந்தா தெருவுல இருக்கற ஆணி எல்லாம் கூடவே வரும்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "அவகிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். வாங்கறவங்க எல்லாருமே விக்கறவங்கதான், வெளியாள் ஒருத்தன் கூட வாங்க மாட்டான்னேன். அதுக்கு அவ, இல்லை, எனக்கு ஒரு கஸ்டமர் இருக்காங்க, கம்பெனியில சேராதவங்க, மாசம் தவறாம வாங்கறாங்கன்னு மடக்கிட்டா."

"யார் அது?"

"மூணாவது சந்துல ஒரு தையல்கார அம்மா." கடைக்காரர் மறுபடியும் வாஷர் அள்ளினார். "அவங்களை விட்டுடுங்க டீச்சர். பாவம், ஏழை. அங்க ஒண்ணும் கிடைக்காது. கம்பெனி மேல கேஸ் இருக்கா, லைசென்ஸ் கோளாறா, அந்த மாதிரி பாருங்க."

அந்த ஒரு வார்த்தையை டீச்சர் அங்கேயே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். அதற்காக அன்று சாயங்காலம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

●

ஆஸ்பத்திரி லேப் ஜன்னலுக்கு முன்னால் நீளமான வரிசை. உள்ளே தங்கை ரத்தக் குப்பிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஒரு பெயர், வயது, நேரம். ஒட்டிய சீட்டை ஒவ்வொரு தடவையும் ஒருமுறை சரி பார்த்தாள். பத்து நிமிஷம் கழித்துக் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணன் அனுப்பிச்சாரா?"

"ஆமாம்மா. மறைக்கலை."

"டீச்சர், பதினஞ்சு வருஷமா இந்த ஜன்னலுக்குப் பின்னாடி இருக்கேன். 'ஏம்மா, ரிசல்ட் வந்துடுச்சா?' அவ்வளவுதான் என்கிட்ட பேசற பேச்சு. எல்லார் பேரையும் நான் எழுதறேன், என் பேரை ஒருத்தரும் கேட்டதில்லை. போன மாசம் என்னை மேடையில ஏத்தி, பேரைச் சொல்லி, எழுநூறு பேர் கை தட்டினாங்க." அவள் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "அது பொய்யா?"

சோடா வழக்கமான நகைச்சுவைக்கு வாயெடுத்து, வரிசையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கை தட்டினது நிஜம். அவங்க விக்கறது நிஜமான்னுதான் கேள்வி" என்றார் டீச்சர்.

"அதையும் யோசிச்சேன். நான் ஒண்ணும் முட்டாள் இல்லை. வாங்கறவங்கள்ல பாதிப் பேர் கம்பெனி ஆளுங்கதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தையலம்மா அப்படி இல்லை. போன்லதான் கேட்டாங்க. பால்கனியிலேர்ந்து கயித்துல கூடையை இறக்குவாங்க, உள்ள காசுக் கவர் இருக்கும். நான் டப்பாவை வைப்பேன், மேல போயிடும். பதினாலு மாசம். ஒரு மாசம் கூட வேண்டாம்னு சொன்னதில்லை. பொருள் நல்லா இல்லாமயா பதினாலு மாசம் வாங்குவாங்க?"

கேள்வி நியாயமானது. டீச்சருக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

"வேலையில களைச்சு வரும்போதெல்லாம் அந்தக் கூடையைத்தான் நினைச்சுக்குவேன்" என்றாள் தங்கை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ராஜினாமாக் கடிதம். "அந்தம்மா பொய்யின்னு காட்டுங்க, இதைக் கிழிச்சுடறேன். நிஜம்னா அஞ்சு மணிக்கு சூப்பிரண்டு மேஜைக்குப் போயிடும். நாலரைக்கு அண்ணன் கடைக்கு வரேன். தையலம்மாவும் மூணு மணிக்கு மேலதான் வீட்டுல இருப்பாங்க."

வெளியே வந்ததும் சோடா ஸ்கூட்டரை உதைத்தான். "மூணு மணி வரைக்கும் என்ன பண்றது?"

"பாடத்தைப் படிக்காம கேள்வி கேக்கக் கூடாது. அந்தப் பொடி என்னன்னு முதல்ல பாப்போம்."

●

வாடகை ஹாலில் மத்தியானக் கூட்டம் களை கட்டியிருந்தது. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள், கூடவே பொடியைச் சாப்பிட்டுப் பலன் பெற்றவர்களின் சிரித்த முகங்கள். தங்கைக்கு மேல்படியில் இருப்பவரை எல்லோரும் 'வைரம் சார்' என்றே கூப்பிட்டார்கள். வேர்த்து ஒழுகும் வெயிலிலும் கோட்டு. இரண்டு கையிலும் இரண்டு போன்.

"சட்டப்படி பதிவு பண்ணின கம்பெனி மேடம். சுவத்தைப் பாருங்க."

"கல்யாணத்தைக்கூடத்தான் பதிவு பண்றாங்க. அதனால மாப்பிள்ளை நல்லவர்னு ஆயிடுமா?"

வைரம் சார் சிரித்தார். இந்த மாதிரிக் கேள்விகளைத் தின்று கொழுத்தவர் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. "காசை வாங்கிட்டு ஓடினா மோசடி. நாங்க கையில பொருள் குடுக்கறோம். மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்னு அடுக்கு இருக்கேன்னு கேப்பீங்க. எந்த வியாபாரத்துல அடுக்கு இல்லை? ஃபேக்டரி, மொத்தக் கடை, சில்லறைக் கடை. ஆபீஸ்ல மேனேஜர், கிளார்க்கு. எல்லாமே கூம்புதான் மேடம்."

"அடுக்கு தப்பில்லை. வீடு வீடாப் போய் விக்கறதும் தப்பில்லை, அப்படி விக்கற நேர்மையானவங்களை நான் பாத்திருக்கேன். கடைசிப் படியில ஒரு வாய் இருக்கணும். என் கேள்வி அவ்வளவுதான். உங்க பொருள் வாய்க்குள்ள போகுதா, கட்டிலுக்கு அடியில போகுதா?"

"சமையல்காரனும் சர்வரும் மட்டுமே சாப்பிடற ஓட்டல் ஒரு ஓட்டலான்னு கேக்கறாங்க" என்று சோடா பொழிப்புரை சொன்னான்.

"வாய்தானே? இங்க நூறு வாய் இருக்கு, யாரை வேணும்னாலும் கேளுங்க." வைரம் சார் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "என் அன்பளிப்பு. நீங்களும் சாப்பிட்டுப் பாருங்க."

ஒரு மணி நேரம் நூறு வாயும் ஒரே பாட்டைப் பாடின. மூட்டு வலி போச்சு, தூக்கம் வந்தது, முடி வளர்ந்தது. டீச்சர் எதை எதிர்த்துக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. வெறுத்துப்போய் வராந்தாவுக்கு வந்து தூணில் சாய்ந்தார்.

"பொய்யின்னு தெரியுது. பிடிக்க முடியலை. சோப்புக் கட்டியைத் தண்ணிக்குள்ள பிடிக்கற மாதிரி இருக்குடா."

"பசி டீச்சர்" என்ற சோடா அதற்குள் டப்பாவின் மேல்தாளைக் கிழித்திருந்தான். "டப்பா படத்துல ஸ்பூன் இருக்கு, தினம் ரெண்டு ஸ்பூன்னு போட்டிருக்கு. உள்ள ஸ்பூனைக் காணோம். இதுலயுமா மோசடி?"

டீச்சர் டப்பாவை வாங்கினார். படத்தில் அழகான வெள்ளை ஸ்பூன். பேனாவைப் பொடிக்குள் விட்டுக் கிளறினார். அடியில், ஆழத்தில், ஏதோ தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தார். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் ஸ்பூன். கைப்பிடி நுனியில் வட்டமாக ஒரு ஓட்டை.

சோடா அதால் ஒரு வாய் அள்ளிப் போட்டான். முகம் அஷ்டகோணலாயிற்று. "சாக்பீஸ்."

"சாக்பீஸ் ருசி உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் ஒரே கிளாஸ்ல இருந்தா வேற பொழுதுபோக்கு?"

டீச்சர் அவனைக் கவனிக்கவில்லை. ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் புத்தகத்தைத் திறக்காமலே அட்டையைப் பார்த்து விடை எழுதிய எத்தனை பேரைப் பிடித்திருப்பார்! ஸ்பூனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினார்.

முதலில் ஒரு பஸ் கண்டக்டர். சுவரில் படம் இருந்தவர். "எட்டு மாசமாச் சாப்பிடறேன் மேடம், தினம் ரெண்டு ஸ்பூன்."

"ஸ்பூன் என்ன கலர்?"

கண்டக்டர் அசரவில்லை. "வெள்ளை."

அடுத்து ஒரு பல் டாக்டரின் மனைவி. "வெள்ளைதான். இதுல என்ன சந்தேகம்?"

மூன்றாவது, உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். "நான் வீட்டு ஸ்பூன்லதான் எடுப்பேன்."

"ஐயோ, தப்பிச்சுட்டாரு" என்றான் சோடா.

"டப்பாவுல வந்த ஸ்பூனை என்ன பண்ணினீங்க?" என்றார் டீச்சர்.

"டப்பாவுல ஸ்பூன் வருதா?"

பத்தொன்பது பேரைக் கேட்டார்கள். வெள்ளை, வெள்ளை, கவனிக்கலை, வெள்ளை. கடைசியில், பத்தொன்பதாவது ஆளாக, வைரம் சாரையே டீச்சர் கேட்டார்.

"வெள்ளை" என்றார் வைரம் சார், சிரித்த முகத்தோடு.

டீச்சர் ஆரஞ்சு ஸ்பூனை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். சிரிப்பு ஒரு கணம் வழுக்கி, மறுபடியும் சரியாக உட்கார்ந்துகொண்டது.

"சரி மேடம். திறக்கலை. அதனாலென்ன? வாங்கினாங்களா இல்லையா? யாராவது கழுத்துல கத்தி வச்சோமா? புஸ்தகம் வாங்கிப் படிக்காதவன் இல்லையா? பூட்ஸ் வாங்கி ஓடாதவன் இல்லையா? இஷ்டப்பட்டு வாங்கினது எப்படிக் குத்தமாகும்?"

"புஸ்தகக்காரன், உனக்குக் கீழ நாலு பேரைப் புஸ்தகம் வாங்க வைன்னு சொல்றதில்லை."

"நாங்களும் சொல்றோம், கட்டாயம் இல்லைன்னு. சின்ன எழுத்துல இருக்கும். கோர்ட்டுக்குப் போங்க, பத்து வருஷம் ஆகும்." மணியைப் பார்த்தார். "லேப் பொண்ணு போன்ல சொல்லுச்சு, உங்களுக்கு அஞ்சு வரைக்கும்தான் டைமாமே?"

டீச்சர் தெருவுக்கு வந்து செருப்புக் காலால் தரையை உதைத்தார். அப்படியொரு கோபத்தைச் சோடா பார்த்ததில்லை. பத்தொன்பது பேர் திறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தங்கை பந்தயம் கட்டியது அந்தப் பத்தொன்பது பேர் மேல் அல்ல. இருபதாவது ஆள் மேல்.

●

மூன்றாவது சந்து. மூன்றரை மணி. பால்கனியிலிருந்து கயிறும் கூடையும் தொங்கின. மாடியில் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

தையலம்மா கதவைப் பாதி திறந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. விஷயத்தைக் கேட்டதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணி உருண்டையில் குத்தினார். யோசிக்க நேரம் எடுக்கிறார் என்று டீச்சருக்குப் புரிந்தது.

"ஆமா, நான்தான் வாங்கறேன். தினம் ரெண்டு ஸ்பூன். உடம்புக்கு நல்லா இருக்கு."

"ஸ்பூன் என்ன கலர்மா?"

"வெள்ளை."

சோடா உற்சாகத்தில் தன் உள்ளங்கையில் குத்திக்கொண்டான். டீச்சர் மெல்ல மூச்சு விட்டார். இருபதாவது வாயும் பொய். "அப்ப டப்பாவெல்லாம் எங்கம்மா போகுது? யாருக்காக வாங்கறீங்க?"

தையலம்மா முகம் சிவந்தது. "அதை மட்டும் கேக்காதீங்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். எனக்கு உபகாரம் பண்ணினவங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன்." அத்தோடு மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டார். எத்தனை கேட்டும் மிஷின்தான் பதில் சொன்னது.

"டீச்சர், பட்சி சிக்கிடுச்சு" என்று சோடா கிசுகிசுத்தான். "வைரம்தான்! அந்தப் பொண்ணு நம்பணும்னு அவனே ஆளை வச்சு மாசாமாசம் வாங்கறான். பொய்க் கஸ்டமர். இது பக்கா மோசடி. போலீசுக்கே போகலாம்."

டீச்சர் முகம் மலர்ந்தது. நாளெல்லாம் வழுக்கிய சோப்பு கடைசியில் கைக்கு வந்துவிட்டது. திரும்பி நடக்கப் போனவர், மிஷினுக்குக் கீழே பார்த்தார்.

மிஷினின் மோட்டார் புதிதாகப் பளபளத்தது. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. அதன் கழுத்தில் மூன்று சுற்றுச் சிவப்புக் கம்பி.

டீச்சர் பாதி இறங்கி, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன டீச்சர்? வைரத்தைப் பிடிக்கப் போகலாமா?"

"நான் ஒரு மடச்சிடா. 'அவங்களை விட்டுடுங்க, அங்க ஒண்ணும் கிடைக்காது'ன்னு ஒருத்தர் சொன்னாரே. கிடைக்காதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்து மாட்டிக்கொண்ட பிறகும் அவனுக்கு நம்ப முடியவில்லை. "நமக்கு வேலை குடுத்தவரேவா?"

●

நாலேகால். கடைக்காரர் அவர்களைக் கண்டதும் எழுந்தார். "ஏதாவது கிடைச்சுதா டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்லாமல் குழிப் பெட்டியை இழுத்தார். வாஷர் குழியிலிருந்த கறுத்த ஸ்பூனை எடுத்து, மேஜையிலிருந்த தின்னர் துணியால் துடைத்தார். கறுப்புக்கு அடியிலிருந்து ஆரஞ்சு வந்தது. நுனியில் வட்ட ஓட்டை. அடுத்த குழியில் இன்னொன்று. ஸ்க்ரூ குழியில் ஒன்று, நட்டு குழியில் ஒன்று. ஒன்றொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தார். பதினாலு.

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏன்யா என்கிட்ட மறைச்சீங்க?" டீச்சரின் குரல் வகுப்பறைக் குரலாயிற்று. "நாள் பூரா நாய் மாதிரி அலைஞ்சிருக்கோம்! மத்தியானமே இதைச் சொல்லியிருந்தா உங்க தங்கச்சிகிட்ட பேசி எப்பவோ முடிச்சிருக்கலாம்!"

"எப்படி டீச்சர் சொல்றது?" என்றார் அவர். "மொத மாசம் அவளுக்கு ஒரு டப்பா கூட விக்கலை. அழுதா. ஒருத்தர் வாங்கினாப் போதும்னு இருந்தா. தையலம்மாகிட்ட சொல்லி ஒண்ணு வாங்கினேன். ஒரே ஒண்ணு. அன்னிக்கு அவ முகத்தைப் பாக்கணுமே. அடுத்த மாசம் எப்படி நிறுத்தறது? அவளுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. கம்பெனி மேல வேற ஏதாவது தப்பு கிடைச்சா, இது வெளியில வராமலே..."

"அவங்க தினம் வந்து போற கடையில, கண்ணுக்கு எதிரே ஸ்பூனைப் போட்டு வச்சிருக்கீங்களே அண்ணே" என்றான் சோடா.

"அவளுக்குத் தெரியாது தம்பி. அவ ஒரு டப்பாவைக்கூடத் திறந்ததில்லை. திறந்தா விக்க முடியாதில்ல."

"எது தெரியாது?"

வாசலில் தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் அந்த மடித்த காகிதம்.

டீச்சர் தன் கைப்பையிலிருந்து பதினைந்தாவது ஸ்பூனை எடுத்தார். வைரம் சார் கொடுத்த டப்பாவைப் பக்கத்தில் வைத்தார். "இது உங்க டப்பாவுக்குள்ள, அடியில இருக்கற ஸ்பூன்மா" என்றார். மீதியைச் சொல்ல வேண்டியவர் அண்ணன்தான் என்று ஒதுங்கி நின்றார்.

தங்கை மேஜையில் கிடந்த வரிசையைப் பார்த்தாள். குப்பிகளின் சீட்டைச் சரி பார்க்கிற அதே கண்ணால் ஒன்றிலிருந்து பதினாலு வரை போனாள். அண்ணனைப் பார்த்தாள்.

"அந்தக் கூடை நீதானா?"

கடைக்காரர் தலை குனிந்தார்.

"பொடியை என்ன பண்ணினே? கொட்டிட்டியா?"

"கொட்ட மனசு வரலை. நீ வெயில்ல தூக்கிக்கிட்டு வந்ததாச்சே. குடிச்சேன்."

"பதினாலு டப்பாவுமா?"

"ம்."

"நல்லா இருந்துச்சா?"

கடைக்காரர் நிமிர்ந்தார். இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை. "வாயில வைக்க முடியலைம்மா."

தங்கை சிரிப்பதுபோல ஆரம்பித்தாள். சிரிப்பு முடியும் முன்னால் அது வேறொன்றாக மாறிவிட்டது. மேஜையை ஓங்கி அடித்தாள். ஸ்பூன்கள் துள்ளின.

"ஏன்ணா இப்படிப் பண்ணினே? மொத மாசமே நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா, ரெண்டாவது மாசம் நான் விட்டிருப்பேன்! எழுநூறு பேர் கை தட்டினதுக்காகவா நான் இருந்தேன்? அந்தக் கூடைக்காக இருந்தேன். யாரோ முகம் தெரியாத ஒருத்தங்களுக்கு நான் குடுக்கறது பிடிச்சிருக்குன்னு இருந்தேன்!"

அண்ணன் துள்ளி விழுந்த ஸ்பூன்களைப் பொறுக்கி மறுபடியும் வரிசையாக வைத்தார்.

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. நாள் முழுக்கத் தேடிய கடைசிப் படி இதுதான். அந்தக் கம்பெனிக்கு மூலதனம் பொடியுமல்ல, வைரம் சாரின் கோட்டுமல்ல. வேண்டாம் என்று சொல்ல வாய் வராத அண்ணன்கள், அத்தைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். சொந்தக்காரர்களின் கூச்சத்தில்தான் அந்த வண்டி ஓடுகிறது. அதைப் பிடித்து எந்தப் போலீசில் ஒப்படைப்பது? வைரம் சார் நாளைக்கும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அதே ஹாலில் நிற்பார்.

கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காகிதத்தை நான்காகக் கிழித்து, காலி வாஷர் குழிக்குள் போட்டாள்.

"சாயங்கால சாம்பிள் வந்திருக்கும். நான் போகணும்."

வாசற்படி வரை போனவள் நின்றாள். வெளியே நிறுத்தியிருந்த தன் வண்டியில் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டு, தாள் கிழியாத புது டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அண்ணன் முன்னால் வைத்தாள்.

"இது இந்த மாசத்துது. எடுத்துக்கறியா?"

கடைக்காரரின் கை பழக்கத்தில் டப்பாவை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. தங்கை அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம்மா" என்றார் அண்ணன்.